தோமஸ் மானும் கற்றோர் மௌனமும்

கல்வி மனிதனைப் பண்படுத்தும் என்பது எல்லா நாட்டாரும் நெடுங்காலமாகக் கொண்டுள்ள நம்பிக்கை. பள்ளிக்கூடங்களும் பல்கலைக்கழகங்களும் இந்நம்பிக்கையின்மீதே எழுப்பப்பட்டுள்ளன. இருபதாம் நூற்றாண்டின் வரலாறு இந்நம்பிக்கையை ஒருமுறை மிகக் கடுமையாகச் சோதித்தது. கான்ற் என்னும் தத்துவஞானியையும், கேத்தே என்னும் கவிஞரையும், பீதோவன் என்னும் இசைமேதையையும் உலகிற்கு அளித்த ஜேர்மனி, 1933 முதல் 1945 வரை ஹிட்லரின் ஆட்சிக்குக் கீழ்ப்படிந்து நின்றது. அவ்வாட்சி ஏறக்குறைய அறுபது இலட்சம் யூத மக்களைக் கொன்றொழித்தது. கேத்தே வாழ்ந்து மறைந்த வைமார் நகரிலிருந்து சில மைல் தூரத்திலேதான், 1937ஆம் ஆண்டில், புகன்வால்ட் என்னும் வதைமுகாம் அமைக்கப்பட்டது. கவிஞர் உலாவச் சென்ற குன்றும் வதைமுகாம் எழுந்த குன்றும் ஒன்றே. கல்வி குன்றிய நாடொன்றில் இது நிகழ்ந்திருப்பின், அறியாமையின்மேற் பழியைச் சுமத்தி நாம் அமைதி பெற்றிருக்கலாம். கல்வி மிக்க நாட்டில் நிகழ்ந்தமையால், கற்றோர் அப்பொழுது என்செய்தனர் என்னும் வினா எழுகின்றது.

இவ்வினாவைப் பிறரை நோக்கி எழுப்புதல் எளிது. அதனைத் தம்மையே நோக்கி எழுப்பியவர் தோமஸ் மான் (1875–1955). 1929ஆம் ஆண்டில் இலக்கியத்துக்கான நோபல் பரிசைப் பெற்றவர் அவர். ஜேர்மன் நாவலை உலக இலக்கியத்தின் முன்னணிக்குக் கொணர்ந்தோருள் ஒருவர். அவர்மீது விமரிசகர் பலர் கூறும் குறை ஒன்றுண்டு. அவர் எதனையும் எட்ட நின்று நோக்கும் இயல்பினர் என்றும், அவரது நடையெங்கும் பரந்து கிடக்கும் நுண்ணிய எள்ளல் அவர் எதற்கும் தம்மை ஒப்புக்கொடாதவர் என்பதைக் காட்டுகின்றது என்றும் அவர்கள் கூறுவர். இக்கூற்று முற்றும் பொருந்தாது என்பதே எமது கருத்து. அவரது எள்ளல் முதலிற் சுடுவது அவரையே. கற்றவன் ஒருவன் தீமையைக் கண்டும் வாளாவிருக்கும் நிலையை அவர் மீண்டும் மீண்டும் கதைப்பொருளாக்கினார். அந்நிலையில் தாமும் ஒருகாலத்தில் நின்றதை அவர் மறந்தாரல்லர். அவருடைய நூல்கள் அனைத்தையும் இங்கு ஆராய்தல் இயலாது. இந்த ஓர் இழையைப் பற்றிக்கொண்டு அவர் வாழ்வினூடும் நூல்களினூடும் செல்வோம்.

தோமஸ் மான் 1875ஆம் ஆண்டு யூன் மாதம் 6ஆந் திகதி, வட ஜேர்மனியின் பழைய வணிகத் துறைமுகமாகிய லூபெக்கிற் பிறந்தார். தந்தையார் தானிய வணிகர். நகர ஆட்சிமன்றத்தின் உறுப்பினராகவும் விளங்கியவர். தாயார் பிரேசில் நாட்டிற் பிறந்தவர். 1891இல் தந்தையார் இறந்தபின் தலைமுறை தலைமுறையாக நடந்துவந்த வணிக நிலையம் மூடப்பட்டது. குடும்பம் மியூனிச் நகருக்குப் பெயர்ந்தது. பள்ளியிற் சிறந்து விளங்கிய மாணவராகவும் தோமஸ் மான் இருந்தாரல்லர். வகுப்பேற்றம் பெறாது மீண்டும் அதே வகுப்பில் இருந்ததும் உண்டு. பல்கலைக்கழகம் புகுவதற்குரிய இறுதித் தேர்வை எழுதாமலே பள்ளியை விட்டார். பிற்காலத்திற் பல்கலைக்கழகங்கள் பல அவருக்குக் கௌரவ கலாநிதிப் பட்டம் வழங்கின என்பது நினைத்து மகிழத்தக்கது.

இருபத்தாறாம் வயதில், 1901ஆம் ஆண்டில், அவர் வெளியிட்ட முதல் நாவல் 'புடன்புறூக் குடும்பம்'. கைப்பிரதியைப் பாதியாகக் குறைக்கும்படி பதிப்பாளர் கேட்டபோது, இளைஞரான ஆசிரியர் அதற்கு இணங்கவில்லை. நூல் இரண்டு பாகங்களாக வெளிவந்தது. நோபல் பரிசு வழங்கியோர் சிறப்பாகக் குறிப்பிட்ட நூலும் இதுவே. வணிகக் குடும்பமொன்று நான்கு தலைமுறைகளிற் படிப்படியாகத் தேய்ந்து மறைவதே கதை. முதல் தலைமுறையினரிடம் ஊக்கமும் உடல்வலியும் இருந்தன, சிந்தனை குறைவு. கடைசித் தலைமுறையில் தோன்றும் சிறுவன் ஹன்னோவிடம் இசைநுகர்ச்சி உண்டு. வாழும் வலிமை இல்லை. குடும்ப வரலாறு எழுதப்பட்ட ஏட்டிலே தன் பெயருக்குக் கீழ் அவன் ஒரு கோடு கிழிக்கின்றான். ஏன் அவ்வாறு செய்தாய் என்று தந்தை சினந்து கேட்க, இதற்குப்பின் எதுவும் வராது என்று நினைத்தேன் என்கின்றான் அச்சிறுவன். குடும்பத்தின் முடிவை ஒரு குழந்தையின் கைக்கோட்டில் அடக்கிக் காட்டிய திறன் வியக்கற்பாலது.

இந்நாவலில், ஹன்னோ பள்ளியிற் கழிக்கும் ஒரே ஒரு நாளை விரித்துரைக்கும் நீண்ட அதிகாரம் ஒன்றுண்டு. ஆசிரியத் தொழில் பூண்ட நாம் யாவரும் அதனைப் படித்தல் வேண்டும். முன்பு அப்பள்ளியில் இலத்தீனும் கிரேக்கமும் மகிழ்ச்சியோடு கற்பிக்கப்பட்டன. புதிய தலைமையாசிரியர் வந்தபின் அதிகாரம், கடமை, பதவி என்பனவே அங்கு வழிபடு தெய்வங்களாயின. பாடம் ஒப்புவிக்கத் தெரியாத மாணவன் நடுங்குகின்றான். களவாகப் புத்தகத்தைப் பார்த்து ஒப்புவித்தவன் பாராட்டுப் பெறுகின்றான். அகப்பட்டுக்கொண்டவனை மற்றை மாணவரும் அக்கணமே வெறுப்போடு நோக்குகின்றனர். அச்சம் ஆளும் இடத்திற் கல்வியின் பெயரால் நடப்பது என்ன என்பதை அவ்வதிகாரம் ஒரு சொல்லும் உரத்துப் பேசாது உணர்த்துகின்றது. அதற்கடுத்த அதிகாரம் நச்சுக் காய்ச்சலின் போக்கினை வைத்திய நூல் கூறுமாறு கூறிச்செல்கின்றது. ஹன்னோவின் பெயர் அங்கு வருவதேயில்லை. அவன் இறந்துவிட்டான் என்பதை நாமே உணர்ந்துகொள்கின்றோம். பின்னர் தோன்றப்போகும் ஆட்சியின் வித்து பள்ளி வகுப்பறையிலேயே இருந்தது என்பதை 1901இல் ஆசிரியர் எண்ணியிருக்கமாட்டார். எனினும் கண்டதை உள்ளவாறு எழுதியமையால், தாம் அறிந்ததினும் மிகுதியாக எழுதிவிட்டார்.

இதே நூலில், ஹன்னோவின் தந்தை தோமஸ் புடன்புறூக் தம் நடுவயதில் ஒரு தத்துவ நூலைத் தற்செயலாக எடுத்து, சாவைப் பற்றிய பகுதியைப் படிக்கின்றார். நூலாசிரியர் பெயர் கூறப்படவில்லையாயினும் அவர் சோப்பன்ஹவர் என்பது வெளிப்படை. உபநிடதங்களை இலத்தீன் மொழிபெயர்ப்பிற் கற்று, அவற்றைத் தம் வாழ்வின் ஆறுதலெனப் போற்றியவர் சோப்பன்ஹவர். தனிமனிதன் என்னும் எல்லை சாவோடு நீங்கும் என்னும் எண்ணம் அவ்வணிகரை ஓரிரவு முழுவதும் பேரின்பத்தில் ஆழ்த்துகின்றது. மறுநாட் காலையில் அவ்வின்பத்தை நினைக்க அவர் வெட்கமுறுகின்றார். நூலை மீண்டும் தொடவில்லை. உயர்ந்த எண்ணம் ஓரிரவு விருந்தினனாக வந்து போயிற்று; வாழ்வை அது மாற்றவில்லை. கற்றதற்கும் நிற்பதற்கும் இடையேயுள்ள தூரத்தை தோமஸ் மான் முதன்முதலில் அளந்த இடம் இதுவெனலாம்.

1912இல் வெளிவந்த 'வெனிசில் மரணம்' என்னும் குறுநாவல் இவ்வளவையை மேலும் கடுமையாக்குகின்றது. குஸ்தாவ் ஆஷன்பாக் என்னும் எழுத்தாளர் ஐம்பது வயதைக் கடந்தவர், புகழ் பெற்றவர், பள்ளிப் பாடநூல்களில் இடம்பெறுமளவுக்கு ஒழுங்கும் கட்டுப்பாடும் வாய்ந்த நடையினர். வெனிஸ் நகரில் தங்கியிருக்கும் போலந்துச் சிறுவன் ஒருவனது அழகிலே அவர் உள்ளம் சிக்குண்கின்றது. தோமஸ் மானின் நாட்குறிப்புகள், அவர் விரும்பியவாறு, அவர் மறைந்து இருபது ஆண்டுகள் கழிந்தபின் 1975இலேயே திறக்கப்பட்டன. ஆடவர்பாற் சென்ற விருப்பத்தை வாழ்நாள் முழுவதும் உள்ளடக்கிய ஒருவரின் வேதனை இக்கதையிலுள்ளது என்பதை அவை தெளிவாக்கின. ஆயின், கதையின் அறவியல் மையம் வேறோரிடத்தில் இருக்கின்றது. நகரிலே கொள்ளைநோய் பரவுகின்றது. பயணிகளால் வரும் வருவாய் குறையுமென்று அதிகாரிகள் அதனை மறைக்கின்றனர். ஆஷன்பாக் உண்மையை அறிகின்றார். சிறுவனின் தாயிடம் ஒரு சொற் கூறி அக்குடும்பத்தை ஊரைவிட்டு அனுப்பியிருக்கலாம். சிறுவன் பிரிந்துவிடுவான் என்பதற்காக அவர் வாய் திறக்கவில்லை. பொய் பேசும் அதிகாரியும் மௌனஞ் சாதிக்கும் கலைஞரும் ஒரே குற்றத்தின் பங்காளிகள் ஆகின்றனர்.

இக்கதையைப் படிக்கும் கீழைத்தேயத்தவர் ஒன்றைக் கூறாதிருத்தல் இயலாது. நோயின் பிறப்பிடம் கங்கைக் கழிமுகத்துச் சதுப்புநிலம் என்று கதை கூறுகின்றது; ஒழுங்கு குலைந்த, கட்டற்ற வாழ்வு கீழ்த்திசையிலிருந்து வருவதாகவும் குறிப்பாற் காட்டுகின்றது. அக்கால ஐரோப்பியரிடையே பரவியிருந்த பார்வையிலிருந்து இவ்விடத்தில் ஆசிரியர் விடுபடவில்லை. தீமை வெளியிலிருந்து வருவது என்னும் இவ்வெண்ணத்தையே பிற்காலத்தில் அவர் முற்றாக மறுக்கவேண்டியிருந்தது.

1914இல் முதலாம் உலகப்போர் மூண்டது. ஜேர்மனியின் எழுத்தாளரும் பேராசிரியரும் பெருந்தொகையாகப் போரை வரவேற்றனர். தோமஸ் மானும் அவர்களுள் ஒருவர். அவரது தமையனார் ஹைன்றிக் மானும் நாவலாசிரியரே. அவர் போரை எதிர்த்தார். உடன்பிறந்தார் பல ஆண்டு பேசாதிருந்தனர். 1918இல் 'ஓர் அரசியல்சாரா மனிதனின் சிந்தனைகள்' என்னும் பெரிய நூலைத் தோமஸ் மான் வெளியிட்டார். குடியாட்சி ஜேர்மன் உள்ளத்துக்கு ஒவ்வாதது; இசையும் தத்துவமும் அகவாழ்வும் அரசியலுக்கு அப்பாற்பட்டவை; கலைஞன் அவற்றைக் காத்தாற் போதும் என்பதே அந்நூலின் சாரம். நடையழகும் நுண்மையும் பொருந்திய அந்நூலை இன்று படிக்கும்போது அச்சம் தோன்றுகின்றது. அகவாழ்வைக் காப்பதற்காகப் புறவாழ்வை வல்லாளரிடம் ஒப்படைத்த ஒரு சமூகத்தின் மனநிலை அதில் அப்படியே பதிவாகியுள்ளது.

அவர் அந்நிலையினின்றும் திரும்பினார். யூதரான வெளிநாட்டமைச்சர் வால்ற்றர் ராத்தெனோ 1922ஆம் ஆண்டு யூன் மாதத்தில் தேசியவெறியராற் சுட்டுக்கொல்லப்பட்டார். அதே ஆண்டு ஒக்ரோபரில், பேர்லின் நகரில் இளைஞர் நிறைந்த அவையில், தோமஸ் மான் குடியரசை ஆதரித்துப் பேசினார். முன்னைய நூலாற் கவரப்பட்டு அவரைத் தலைவராகக் கொண்டோர் திகைத்தனர், துரோகி என்றனர். நாற்பத்தேழு வயதிலே, புகழின் உச்சியில் நின்று, தாம் எழுதியதற்கு மாறாக வெளிப்படையாகப் பேசுதல் எளிய செயலன்று. 'கொள்கை மாறியவர்' என்று அவரை இகழ்வோர், மாறாது நின்றோர் எங்குச் சென்று சேர்ந்தனர் என்பதையும் உடன் நோக்குதல் வேண்டும்.

இம்மாற்றத்தின் கலைவடிவமே 1924இல் வெளிவந்த 'மாயமலை'. 1912இல் அவருடைய மனைவியார் காத்யா டாவோஸ் மலையிலுள்ள சுகநிலையத்தில் சிகிச்சை பெற்றபோது, அவரைப் பார்க்கச் சென்று மூன்று வாரம் தங்கிய அனுபவம் நாவலுக்கு வித்தாயிற்று. கதாநாயகன் ஹான்ஸ் காஸ்ற்றோர்ப் மூன்று வாரத்துக்கென வந்து ஏழாண்டு தங்குகின்றான். பகுத்தறிவையும் முன்னேற்றத்தையும் போற்றும் இத்தாலியர் செற்றெம்பிரினியும், பயங்கரத்தாலும் பணிவாலுமே உலகம் உய்யும் எனக் கருதும் நாப்தாவும் அவ்விளைஞனின் உள்ளத்துக்காக ஓயாது வாதிடுகின்றனர். பனிப்புயலிற் சிக்கி உயிர்தப்பும் அதிகாரத்தில், சாவின் கவர்ச்சி எவ்வளவு பெரிதாயினும் அன்பின்பொருட்டு மனிதன் தன் எண்ணத்தின்மீது அதற்கு ஆட்சி கொடுத்தலாகாது என்று அவன் தெளிகின்றான். இவ்வளவோடு நாவல் முடிந்திருப்பின் அது நீதிக்கதை ஆகியிருக்கும். அன்றிரவு உணவுண்ணும்போதே அத்தெளிவு அவன் மனத்திலிருந்து மங்கத் தொடங்குகின்றது. இறுதியில் 1914இன் போர்க்களப் புகையில் அவன் நம் கண்ணுக்கு மறைகின்றான். தோமஸ் புடன்புறூக்கின் ஓரிரவுத் தெளிவை இங்கு நினைவு கூர்க. அறிதல் எளிது, அறிந்ததைக் காலைவரை காப்பதே அரிது என்பது இவ்வாசிரியர் வாழ்நாள் முழுவதும் கண்ட உண்மை.

1930இல் வெளிவந்த 'மாரியோவும் மாயவித்தைக்காரனும்' அளவாற் சிறியது, பொருளாற் பெரியது. இத்தாலியக் கடற்கரை ஊரொன்றில் சிப்பொல்லா என்னும் வித்தைக்காரன் சவுக்கை வீசிப் பார்வையாளரைத் தன் விருப்பப்படி ஆடச்செய்கின்றான். உரோமாபுரியிலிருந்து வந்த ஒருவர் ஆடமாட்டேன் என்று உறுதிகொண்டு நிற்கின்றார். ஈற்றில் அவரும் ஆடுகின்றார். 'வேண்டாம்' என்னும் மறுப்பு ஒன்றையே பற்றிக்கொண்டு நிற்கும் உள்ளம் நெடுநேரம் தாக்குப்பிடிக்க மாட்டாது. தான் வேண்டுவது இன்னதென்று அறிந்த உள்ளமே நிலைத்து நிற்கும் என்பதைக் கதைசொல்பவர் உணர்த்துகின்றார். கதைசொல்பவரோ படித்தவர், நற்குணமுடையவர். அருவருப்பு உண்டாகியும் குழந்தைகளை அழைத்துக்கொண்டு எழுந்து செல்லாமல் இறுதிவரை இருந்து பார்க்கின்றார். ஏன் எழுந்து செல்லவில்லை என்று தம்மையே வினவுகின்றார். தக்க விடை கிடைக்கவில்லை. அவ்வாண்டு ஒக்ரோபரில் தோமஸ் மான் பேர்லினில் நாஸிக் கட்சியின் எழுச்சியை எதிர்த்துப் பேசியபோது அவையிற் கூச்சலும் குழப்பமும் எழுந்தன. பேச்சு முடிந்தபின் நண்பர்கள் அவரை வேறு வழியால் வெளியே அழைத்துச் சென்றனர்.

1933ஆம் ஆண்டு பெப்ரவரியில், மியூனிச் பல்கலைக்கழகத்தில் இசைமேதை வாக்னரைப் பற்றிச் சொற்பொழிவாற்றிய மறுநாள் அவர் வெளிநாட்டுப் பயணம் புறப்பட்டார். திரும்பவேண்டாம் என்று மக்கள் எச்சரித்தனர். அப்பயணம் பதினாறாண்டுப் பிரிவாயிற்று. ஏப்பிரல் மாதத்தில், அவர் வாக்னரை இழிவுபடுத்திவிட்டார் என்று மியூனிச் நகரப் பெருமக்கள் கண்டன அறிக்கை வெளியிட்டனர். அதிற் கையொப்பமிட்டோருள் புகழ்பெற்ற இசையமைப்பாளரும் கலைஞரும் இருந்தனர். கற்றோரைக் கற்றோரே காட்டிக்கொடுத்தமைக்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

இக்காலத்தில் தோமஸ் மானும் குறையற்றவராக நின்றாரல்லர். 1933 முதல் 1936 தொடக்கம்வரை அவர் ஹிட்லர் ஆட்சியை வெளிப்படையாகக் கண்டிக்கவில்லை. தம் நூல்கள் ஜேர்மனியிலே தொடர்ந்து விற்பனையாகவேண்டும், அங்குள்ள வாசகரின் தொடர்பு அறுந்துவிடலாகாது என்று கருதினார். மகன் கிளவுஸ் நடத்திய, நாடிழந்த எழுத்தாளரின் சஞ்சிகையிலிருந்து தம் பெயரையும் விலக்கிக்கொண்டார். மகள் எரிகா தந்தையாரைக் கடிந்து எழுதினார். 1936 பெப்ரவரியில் சூரிச் பத்திரிகையொன்றில் வெளியான கடிதத்தின் வாயிலாக அம்மௌனம் கலைந்தது. அவ்வாண்டின் இறுதியில் ஜேர்மன் குடியுரிமை பறிக்கப்பட்டது. அதனைத் தொடர்ந்து, 1919இல் தான் வழங்கிய கௌரவ கலாநிதிப் பட்டத்தைப் பொன் பல்கலைக்கழகம் நீக்கிவிட்டது. பீடாதிபதி அனுப்பிய அறிவித்தல் சில வரிகளே. 1937 புத்தாண்டில் தோமஸ் மான் எழுதிய மறுமொழி பல மொழிகளிற் பெயர்க்கப்பட்டது. ஜேர்மனிக்குள்ளும் மறைவாகப் பரவியது. பட்டத்தை இழந்ததற்காக அவர் அதிற் புலம்பவில்லை. ஆட்சியாளரின் ஏவலுக்குத் துணைபோன பல்கலைக்கழகங்கள் அந்நாட்டின் கேட்டுக்குத் தாமும் பொறுப்பாளிகள் என்றும், சொல்லையே தொழிலாகக் கொண்டவன் சொல்லவேண்டிய இடத்தில் வாளாவிருத்தல் இயலாது என்றும் எடுத்துரைத்தார். மூன்றாண்டு வாளாவிருந்தவர் எழுதியது என்பதை நினைந்து படிக்கும்போது, அக்கடிதம் பீடாதிபதிக்கு மட்டும் எழுதப்பட்டதன்று என்பது புலனாகும்.

நாடிழந்த இக்காலத்திலேயே அவரது மிகப் பெரிய ஆக்கமாகிய 'யோசேப்பும் சகோதரரும்' நிறைவெய்தியது. நான்கு பாகங்கள்; பதினாறு ஆண்டு உழைப்பு. முதலிரு பாகங்கள் 1933இலும் 1934இலும் பேர்லினிலும், மூன்றாம் பாகம் 1936இல் வியன்னாவிலும், நான்காம் பாகம் 1943இல் ஸ்ரொக்ஹோமிலும் அச்சாயின. பதிப்பூர்களின் வரிசையே ஐரோப்பாவின் நிலைமையைக் கூறும். யூதர் என்னும் பெயரே குற்றமாகிவிட்ட காலத்தில், யூதரின் தொன்மைக் கதையை மனிதகுலம் முழுவதற்கும் உரிய கதையாக அவர் விரித்தார். பழங்கதையை வெறியூட்டும் கருவியாக நாஸிகள் கையாண்டனர். அதனை அவர்களிடமிருந்து மீட்டுப் பகுத்தறிவோடும் நகைச்சுவையோடும் இணைத்தல் தம் நோக்கமென அவரே கூறியுள்ளார்.

1940இல் எழுதிய 'மாறிய தலைகள்' நமக்கு அணுக்கமானது. இந்தியவியல் அறிஞர் ஹைன்றிக் சிம்மரின் எழுத்தின் வாயிலாக அவர் அறிந்த வேதாளக் கதையே அதன் மூலம். விக்கிரமாதித்தன் கதைகளைத் தமிழிற் கேட்டு வளர்ந்தோர் அதனை நன்கறிவர். காளிகோயிலிலே துண்டிக்கப்பட்ட தலைகள் உடல்மாறிப் பொருத்தப்படுகின்றன. யார் கணவன் என்பது வினா. தலையே உறுப்புகளிற் சிறந்தது, ஆதலின் தலைக்குரியவனே கணவன் என்பது விடை. நம் கதை அங்கு முடிகின்றது. தோமஸ் மானின் கதை அங்கேதான் தொடங்குகின்றது. கல்விமானாகிய சிறீதாமனின் தலையைப் பெற்ற வலிய உடல் நாளடைவில் மெலிகின்றது. நந்தனின் தலையும் புதிய உடலோடு இயைந்து மாறுகின்றது. அறிவு தனித்து ஆள்வதில்லை, உடலும் வாழ்க்கையும் அறிவை மாற்றும் என்பது அவர் விடை. தெய்வத்தையும் தவத்தையும் அவர் விளையாட்டாகப் பேசும் இடங்கள் நம்மவருக்கு உவப்பளியா. எனினும், வேதாளம் கேட்ட கேள்விக்குப் பின்னும் ஒரு கேள்வி உண்டு என்று காட்டியமைக்கு அவரைப் பாராட்டுதல் தகும்.

1938இல் அமெரிக்காவிற் குடியேறிய அவர், 1940 ஒக்ரோபர் முதல் பிரித்தானிய வானொலி வாயிலாக ஜேர்மன் மக்களோடு மாதந்தோறும் பேசினார். தொடக்கத்தில் வேறொருவர் இலண்டனில் அவருரையை வாசித்தார்; பின்னர் கலிபோர்னியாவில் அவர் குரலையே இசைத்தட்டிற் பதிந்து அனுப்பினர். யூதர் நச்சுவாயுவாற் கொல்லப்படுதலை 1942இலேயே அவ்வுரைகளில் அறிவித்தார். அவ்வாண்டு மார்ச்சு மாத இறுதியில் பிரித்தானிய விமானங்கள் லூபெக்கின்மீது குண்டு பொழிந்தன. தம் பாட்டியார் வாழ்ந்த, முதல் நாவலுக்குக் களமாகிய இல்லம் முகப்பு மட்டும் எஞ்ச எரிந்தது. அதன்பின் பேசிய உரையில், பிறந்த ஊரை நினைந்து வருந்தியபோதும், இங்கிலாந்தின் கொவென்றி நகர் அழிக்கப்பட்டதை மறக்கவில்லை என்றும், செய்த வினைக்கு ஈடு செலுத்தியே ஆகவேண்டும் என்றும் கூறினார். தன் வீடு எரியும்போதும் நியாயத்தின் பக்கம் பேசுதல் அவருக்கு எட்டிய உயரம்.

இவ்வனுபவங்கள் அனைத்தும் ஒருங்கு திரண்ட நாவல் 'டொக்டர் பௌஸ்ற்றஸ்' (1947). ஆட்ரியன் லேவர்கூன் என்னும் இசையமைப்பாளர், மேதைமையின் பொருட்டு இருபத்துநான்கு ஆண்டுக்குத் தம் ஆன்மாவைப் பிசாசிடம் விற்கின்றார். எவரையும் அன்பு செய்யக்கூடாதென்பது நிபந்தனை. அவர் அன்பு செலுத்திய சிறு மருகன் துடிதுடித்து இறக்கின்றான். நாவலைப் பற்றிப் பேசுவோர் பெரும்பாலும் லேவர்கூனைப் பற்றியே பேசுவர். கதையைக் கூறுபவர் யார் என்பதை நாம் கவனித்தல் வேண்டும். அவர் செரேனுஸ் சைற்புளோம், பள்ளியில் இலத்தீனும் கிரேக்கமும் கற்பிக்கும் ஆசிரியர், நல்லவர், நூல் பல கற்றவர். ஹிட்லர் ஆட்சியை விரும்பாது வேலையைத் துறந்து வீட்டிலிருக்கின்றார். அவருடைய புதல்வர் இருவரும் அவ்வாட்சிக்கே பணிபுரிகின்றனர். குண்டுகள் விழும் ஓசையினிடையே நண்பனின் வரலாற்றை எவருமறியாது எழுதுகின்றார்.

இருபது ஆண்டுக்கு முன்னர் மியூனிச்சில் ஓர் அறைக்குள் கற்றோர் கூடிப் பேசிய மாலைகளைச் சைற்புளோம் நினைவு கூருகின்றார். வன்முறையும் பொய்யும் ஆளப்போகின்றன என்பதை அவ்வறிஞர்கள் சுவையான ஆராய்ச்சிப் பொருளாகக் கொண்டு, புன்முறுவலோடு உரையாடினர். சைற்புளோமுக்கு உள்ளம் நொந்தது. ஆனால் அவையின் இன்பத்தைக் கெடுக்க அவர் விரும்பவில்லை. மரியாதையே மௌனமாயிற்று. போர் முடியும் தறுவாயில், வைமார் நகர மக்கள் அருகிருந்த முகாமின் சுடுலைகளை வரிசையாகச் சென்று காணும்படி அமெரிக்கத் தளபதியால் ஆணையிடப்பட்டனர் என்பதை அவர் எழுதுகின்றார். அம்மக்களின் வெட்கம் தமதுமாகும் என்கின்றார். நூலின் முடிவில், மீண்டும் வகுப்பறைக்குச் சென்று பழைய நூல்களைக் கற்பிக்க அழைக்கப்படுவேனா, அழைத்தால் அதற்குத் தகுதியுடையேனா என ஐயுறுகின்றார். பிசாசோடு உடன்படிக்கை செய்தோர் சிலரே. அருகிருந்து பார்த்த சைற்புளோம்கள் பலர். மேதையின் வீழ்ச்சியினும் நல்லாசிரியரின் மௌனமே இந்நாவலில் எம்மை மிகுதியும் அஞ்சவைக்கின்றது. ஏனெனில், மேதையாதற்கு நாம் அஞ்சவேண்டியதில்லை.

1945 மே மாதம் வாஷிங்டனில் ஆற்றிய சொற்பொழிவில், நல்ல ஜேர்மனி, தீய ஜேர்மனி என இரண்டு இல்லை, ஒன்றே உண்டு, அதன் நற்பண்புகளே தீமையாகத் திரிந்தன, அத்திரிபின் கூறு எல்லாம் தம்முள்ளும் உண்டு என்று தோமஸ் மான் கூறினார். கங்கைக் கரையில் நோயின் பிறப்பிடத்தைத் தேடிய எழுத்தாளர், முப்பத்துமூன்று ஆண்டு கழித்து அதனைத் தம் நெஞ்சிற் கண்டார்.

அவரிடம் குறைகளும் உள. 'மாயமலை'யின் வாதங்களும் 'பௌஸ்ற்ற'ஸின் இசையிலக்கணமும் பொறுமையைச் சோதிப்பன. பன்னிரு சுர இசைமுறையைக் கதாநாயகனுக்கு உரியதாக்கியமைக்கு அதனை வகுத்த ஆர்னோல்ட் ஷோன்பேர்க் சினந்தார். பின்வந்த பதிப்புகளில் விளக்கக் குறிப்பொன்று சேர்க்கப்பட்டது. ஒரு நாட்டின் வீழ்ச்சியை இசையாலும் பிசாசுக் கதையாலும் விளக்கும்போது வேலையின்மை, கட்சிப்பூசல் முதலிய வரலாற்றுக் காரணங்கள் மங்கிவிடுகின்றன. அந்நாவலில் இடம்பெறும் யூதப் பாத்திரங்கள் சிலவே. அவையும் பரிவோடு தீட்டப்படவில்லை. இது சிறு குறையன்று. போருக்குப்பின் நாடு திரும்புமாறு எழுத்தாளர் சிலர் அழைத்தபோது அவர் மறுத்தார். ஹிட்லர் காலத்து ஜேர்மனியில் அச்சான நூல்கள் அனைத்தையும் இழித்துரைத்தார். அந்நூல்களுள் அவருடைய யோசேப்புக் கதையின் முதலிரு பாகங்களும் அடங்கும் என்பதை எண்ணும்போது, இக்கூற்றில் நடுநிலை பிறழ்ந்ததென்றே கொள்ளவேண்டும்.

1949இல் கேத்தேயின் இருநூறாம் ஆண்டு நிறைவையொட்டி அவர் ஜேர்மனி சென்றார். மேற்கிலுள்ள பிராங்போட்டிலும் கிழக்கிலுள்ள வைமாரிலும் ஒரே உரையை ஆற்றினார். இரு சாராரும் குறை கூறினர். 1952இல் அமெரிக்காவை விட்டுச் சுவிற்சர்லாந்து சேர்ந்து, 1955 ஓகஸ்ற் 12ஆந் திகதி சூரிச்சிற் காலமானார். பொன் பல்கலைக்கழகம் பறித்த பட்டத்தை 1946ஆம் ஆண்டின் இறுதியில் மீள வழங்கியது, அவர் ஏற்றுக்கொண்டார்.

தோமஸ் மானை வீரராகக் கொண்டாட வேண்டியதில்லை. அவர் காலந்தாழ்த்திப் பேசியவர். எனினும், காலந்தாழ்த்தியேனும் பேசியவர். பேசியபின் தம் தாமதத்தையும் தம் நூல்களிலே விசாரணைக்கு உட்படுத்தியவர். கல்வி மனிதனைத் தானாகவே நல்லவனாக்கிவிடாது. நல்லவனாதற்குரிய சொற்களை மட்டுமே அது அவன் கையிற் கொடுக்கின்றது. அச்சொற்களை வேண்டிய பொழுதில் எடுத்துச் சொல்வது கற்றவன் தானே செய்யவேண்டிய வேலை. சைற்புளோம் ஐயுற்ற வகுப்பறைக்குள் நாள்தோறும் நுழையும் ஆசிரியரும், நாளை நுழையப்போகும் மாணவரும் இந்நாவல்களைப் படிப்பாராக.